எங்கள் கஞ்சிப் பானைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

2022இல் எங்கள் முன்பள்ளியில் மத்தியானக் கஞ்சி காய்ச்ச உதவிய உங்களுக்குப் பெற்றோர் சார்பில் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் சித்திரையில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. யாழ்ப்பாணக் கரையில் இருக்கும் எங்களுக்கு அது மண்ணெண்ணெய் வரிசையாக வந்து சேர்ந்தது. எங்கள் படகு என்ஜின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. எண்ணெய் இல்லாவிட்டால் தொழில் இல்லை, தொழில் இல்லாவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. ஆவணியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதோடு, எண்ணெய் கிடைத்தாலும் கட்டுபடியாகவில்லை. யுத்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த சனம் நாங்கள், இதையும் தாங்குவோம் என்று சிலர் சொன்னார்கள். பெரியவர்கள் தாங்குவோம், சரி. நாலு வயதுப் பிள்ளை ஏன் தாங்க வேண்டும்?

முதல் நன்றி மூலைக் கடை அக்காவுக்கு. கடன் கொப்பியில் எங்கள் பக்கம் முடிந்தபோது ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினீர்கள். அரிசி 2 கிலோ, பயறு அரைக் கிலோ என்று நிறையை மட்டும் எழுதி, பிறகு பழைய விலைக்கே கணக்குப் பார்த்தீர்கள். சாமான் விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்றிருந்த நேரம் அது.

கேஸ் இல்லாத நாட்களில் பனைமட்டையும் பாளையும் கொண்டுவந்து போட்ட ஐயாமாருக்கும், முருங்கையிலை ஆய்ந்து தந்த மாமிமாருக்கும் நன்றி.

ஆட்டோத் தம்பிக்கு: பெற்றோலை அளந்து பங்கிட்ட கியூஆர் முறையில் வாரத்துக்கு 5 லீற்றர்தான் உனக்குக் கிடைத்தது. அதில் ஓடி உழைப்பதை விட்டு, பிள்ளைத்தாச்சி ஒருத்தியை நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாய். காசும் வாங்கவில்லை. தாயும் பிள்ளையும் சுகம்.

கனடாவிலிருந்து காசு அனுப்பிய பிள்ளைகள், படம் எடுத்துப் போட வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஒரு பொதி மாவைக் கொடுத்துப் பத்துப் படம் எடுத்தவர்களைப் பார்த்த எங்களுக்கு, காசைவிட அந்தச் சொல் பெரிது.

தமிழ்நாட்டு மக்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 40,000 தொன் அரிசி அனுப்புவதாகச் சொன்னார்கள், கப்பலில் வந்தும் சேர்ந்தது. அங்கிருந்து வரும் இழுவைப் படகுகள் எங்கள் வலைகளை அறுத்துப் போகிற பிணக்கு இன்னும் தீரவில்லை. அதைப் பேசத்தான் போகிறோம். ஆனால் பிள்ளைகள் குடித்த கஞ்சியில் அந்த அரிசியும் இருந்தது, அதை மறைக்க மாட்டோம்.

மிஞ்சிய காசில் ஒரு பெரிய கிடாரம் வாங்கி முன்பள்ளியில் வைத்திருக்கிறோம். கலியாணம், செத்தவீடு எதற்கென்றாலும் வந்து எடுக்கலாம், வாடகை இல்லை. கழுவித் திருப்பித் தந்தால் போதும்.

அக்கா, உங்கள் கொப்பியில் எங்கள் கணக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. தைப்பொங்கலுக்கு முன் தீர்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
முன்பள்ளிப் பெற்றோர் சார்பில் ஒரு தாய்