விண்ணப்பப் படங்களின் கோப்பளவு குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அரசு மேல்நிலைப் பள்ளி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

8ஆம் வகுப்பில் படிக்கும் உங்கள் பிள்ளைகள் இவ்வாண்டு தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு எழுத இருக்கிறார்கள். அதில் தேர்ச்சி பெற்றுத் தெரிவு செய்யப்படும் மாணவருக்கு 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் என்பது நம் பகுதிக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த உதவி ஒரு புகைப்படத்தின் கோப்பளவால் கைநழுவிப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவி ஒருவரின் விண்ணப்பம், கல்வி உதவித்தொகை ஒன்றிற்காக அனுப்பப்பட்டு, படம் தெளிவில்லை என்று திரும்பி வந்தது. கைப்பேசியில் நன்றாகவே எடுக்கப்பட்டிருந்த அப்படத்தை, படிவம் விதித்த கோப்பளவு வரம்புக்குள் அடக்க வேண்டும் என்ற அவசரத்தில் யாரோ ஒருவர் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துக் கொடுத்திருந்தார். முகம் கட்டங்கட்டமாகச் சிதைந்து, பெற்ற தாயே அடையாளம் காண முடியாத நிலையில் இருந்தது. கடைசி நாளன்று மாலையில் வேறு படம் ஏற்றி அவ்விண்ணப்பத்தைக் காப்பாற்றினோம். அந்த மாலையில் அம்மாணவியின் கண்களில் கண்ட பதற்றத்தை இன்னொரு பிள்ளையிடம் காண நான் விரும்பவில்லை.

இது ஏன் நேர்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. கைப்பேசிக் கேமரா எடுக்கும் ஒரு படத்தில் அகலத்துக்கு 4000, உயரத்துக்கு 3000 என்ற கணக்கில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கலாம். இவற்றைத்தான் பிக்சல் என்கிறோம். படிவத்தின் வரம்பு 50 கே.பி. (கிலோபைட்) என்று வைத்துக்கொள்வோம். அது 51,200 பைட். பைட் என்பது கோப்பளவை எண்ணும் சிறு அலகு. அத்தனை புள்ளிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் குறைத்து 50 கே.பி.க்குள் அடக்க முயன்றால், ஒரு பைட் ஏறத்தாழ 234 புள்ளிகளைச் சுமக்க வேண்டியிருக்கும். படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபிஜி முறை, படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை முதலில் கைவிடுகிறது. அளவுக்கு மீறி நெருக்கினால் புலப்படுகிறவற்றையும் கைவிட்டு, கட்டம் முழுவதையும் ஏறக்குறைய ஒரே நிறமாக்கிவிடுகிறது. அதே படத்தில் முகமும் தோளும் மட்டும் இருக்கும்படி வெட்டி, பாஸ்போர்ட் அளவுக்கு, அதாவது 413-க்கு 531 புள்ளிகளாகச் சிறிதாக்கினால், மொத்தம் 2 லட்சத்து 19 ஆயிரம் புள்ளிகளே இருக்கும். அப்போது அதே 50 கே.பி.யில் ஒரு பைட்டின் பங்குக்கு நான்கு புள்ளிகள்தான் வரும். முகம் தெளிவாக இருக்கும்.

ஆகவே முதலில் வெட்ட வேண்டும், அடுத்து நீள அகலத்தைக் குறைக்க வேண்டும், தரத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். கணினியில் கிம்ப் என்னும் இலவச மென்பொருளில் படத்தை ஜேபிஜியாகச் சேமிக்கும்போது முன்னோட்டத்தைத் தேர்வு செய்தால், கோப்பு எத்தனை கே.பி. வரும் என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். தரத்தை 75 அளவில் வைத்துத் தொடங்குவது என் வழக்கம். ஒரு முறை சுருக்கிய படத்தையே எடுத்து மறுபடியும் மறுபடியும் சுருக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் இழப்பு கூடிக்கொண்டே போகும் என்பதால், மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருந்து ஒவ்வொரு படிவத்துக்கும் அதிலிருந்தே புதிதாகத் தயாரிக்க வேண்டும். சில படிவங்கள் குறைந்தபட்ச அளவும் கேட்கின்றன. அரசுப் பணித் தேர்வுகளுக்குப் புகைப்படம் 20 முதல் 50 கே.பி. வரையும் கையொப்பம் 10 முதல் 20 கே.பி. வரையும் இருக்க வேண்டும் என்று கேட்டதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். வரம்புக்குக் கீழே போனாலும் படம் ஏறாது.

பெங்களூருவிலும் ஓசூரிலும் கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் சென்றிருக்கும் பெற்றோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கையொப்பத்தைப் படமாக அனுப்பும்படி பிள்ளைகள் கேட்கும்போது, கோடு போடாத வெள்ளைத் தாளில் கருப்பு மையால் கையொப்பமிட்டு, பகல் வெளிச்சத்தில், உங்கள் கையின் நிழல் விழாமல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது வழியிலேயே சுருக்கப்பட்டுவிடும் என்பதால், டாக்குமென்ட் என்ற வழியில் இணைத்து அனுப்புங்கள். பாட்டி தாத்தாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்கு, அவர்களின் பெருவிரல் ரேகை தேவைப்படும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். ரேகையின் மெல்லிய வரிகள்தான் அளவுக்கு மீறிச் சுருக்கும்போது முதலில் மறைபவை. சுற்றியுள்ள வெற்றுத் தாளை ஒட்ட வெட்டிவிட்டால் அந்த வரிகளுக்குப் போதிய இடம் கிடைக்கும்.

சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் அச்செடுத்து, அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து, அந்தப் படத்தைச் சுருக்க முடியாமல் தவிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இணையவழியில் வழங்கப்பட்ட சான்றிதழ் முதலிலேயே பிடிஎஃப் கோப்பாகத்தான் இருக்கிறது. அக்கோப்பையே மையத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாளை எடுத்த படத்தைவிட அது பெரும்பாலும் சிறியதாகவும் எழுத்துகள் கூர்மையாகவும் இருக்கும். படிவம் ஜேபிஜி மட்டுமே ஏற்கும் என்றால் அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் ஜேபிஜி என்று திருத்துவதால் கோப்பு மாறிவிடாது.

இலவசமாகச் சுருக்கித் தருவதாகச் சொல்லும் அறிமுகமில்லாத இணையதளங்களில் ஆதார் அட்டையையோ வங்கிக் கணக்குப் புத்தகத்தையோ ஏற்ற வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். அது யார் கையில் தங்கும் என்பது நமக்குத் தெரியாது.

வரும் வாரம் முழுவதும் மாலை 4.30 மணி முதல் 5.30 மணி வரை உயர்தொழில்நுட்ப ஆய்வகம் திறந்திருக்கும். பிள்ளையின் மூலப்படம், கையொப்பம், சான்றிதழ் கோப்புகள் ஆகியவற்றைக் கைப்பேசியிலோ பென் டிரைவிலோ கொண்டுவந்தால், கணினி ஆசிரியரும் நானும் உடனிருந்து உரிய அளவில் தயாரித்துத் தருவோம். கட்டணம் எதுவும் இல்லை. பேருந்து நேரம் பொருந்தாத மலைக்கிராமத்துப் பெற்றோர், தங்களுக்கு ஏற்ற நேரத்தை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் போதும். அந்நேரத்தில் நான் பள்ளியில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்