அயலார் நட்புறவுக் குழு: 2024–2025 ஆண்டறிக்கை

சேகர குருவானவர் அவர்களுக்கும், சேகர கமிட்டி அங்கத்தினர்களுக்கும், சபையாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். யார் எந்தக் கூட்டத்துக்கு வந்தார், வரவில்லை என்பது மினிட் புத்தகத்தில் இருக்கிறது. பிற மதத்து அயலாரோடு நட்புறவு பேணும் நம் வேலை எப்படி நடந்தது, எங்கே இடறியது என்பதை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

குழுவின் முதல் விதியில் மாற்றமில்லை: பலகாரத் தட்டோடு மதப் பிரசாரக் கைப்பிரதி போகாது. நம் விசுவாசத்தைப் பற்றி ஒருவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லலாம். கேட்காதவர் கையில் திணிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கப்பட்டுவிட்டது. சந்தேகம் தெருவை விட்டுப் போகவில்லை. தட்டுக்குள் தூண்டில் இருக்குமோ என்று பார்க்கிறவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் போடும் பொது விருந்தான அசனத்துக்கு வழக்கமான கணக்குதான்: 100 பேருக்கு 12 கிலோ அரிசி, 10 கிலோ ஆட்டுக்கறி. கறி சாப்பிடாத அயலாருக்குத்தான் சாம்பார் இருக்கிறதே என்று இத்தனை வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். சாம்பாரில் கறி இல்லை, கரண்டியில் இருந்தது. கறிச் சட்டியில் முங்கிய அதே கரண்டி சாம்பார் வாளிக்கும் வருவதைப் பந்தியில் உட்கார்ந்தவர் பார்த்துவிட்டால், இலையை மூடிவிட்டு, "வயிறு சரியில்லை" என்று நாகரிகமாக எழுந்து போய்விடுவார். அடுத்த வருஷம் வரமாட்டார். காரணமும் சொல்லமாட்டார். எனவே இந்த ஆண்டு சைவத்துக்கு அடுப்பு, அண்டா, கரண்டி, பரிமாறுகிற ஆள் எல்லாமே தனி. வாடகைக் கடையில் 'சைவச் சமையலுக்கு மட்டும்' என்று கேட்டால் பாத்திரம் தனியாகத் தருகிறார்கள். சைவப் பந்தியை எச்சில் இலை எடுக்கும் பக்கம் போடாதீர்கள். முதல் நாள் அங்கேதான் போட்டிருந்தோம், எலும்பு வாளி கண்ணெதிரே. இஸ்லாமிய நண்பர்களுக்காகக் கறியை அவர்கள் வாங்கும் கடையிலேயே வாங்கினோம். அதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் வந்து சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டுப் போவார்கள்.

மைக் விஷயம். விருந்தாளிகள் பந்தியில் இருக்கும்போது "அந்தகாரத்தில் இருக்கிற ஜனங்களுக்காக" என்று ஜெபிப்பது சரியல்ல. பிற மதத்தாரைச் சுட்டும் 'புறஜாதியார்' என்ற சொல்லை வேத வாசிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் இரவு 10 மணிக்கு முடிந்தாக வேண்டும்; 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. நடுச்சாமம் 2 மணிக்கு டிரம் கேட்டு விழித்த கைக்குழந்தையின் தாய்க்கு மறுநாள் கேக் கொடுத்துப் புண்ணியமில்லை.

கேக்கும் எல்லாருக்கும் ஆகாது. முட்டை சிலருக்கு ஆகாது, ரம்மில் ஊறிய திராட்சை சிலருக்கு ஆகாது. இந்த டிசம்பரில் அதற்குப் பதில் முந்திரிக்கொத்து செய்தோம். 1 கிலோ வறுத்த பாசிப்பயறு மாவுக்கு 1 கிலோ கருப்பட்டி. தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு. துருவலைச் சிவக்க வறுக்காவிட்டால் மூன்றே நாளில் சிக்கு வாடை அடிக்கும். பாகு இளகலாக இருந்தால் உருண்டை நிற்காது. மேல்மாவு நீர்த்துப்போனால் எண்ணெயில் வெடித்துச் சட்டி முழுக்கத் தூளாகிவிடும்; முதல் ஈடு அப்படித்தான் போயிற்று. இன்னொன்று: கார்த்திகை 1-இல் தொடங்கும் சபரிமலை மண்டல விரதம் 41 நாள் ஓடி கிறிஸ்துமஸை ஒட்டித்தான் முடிகிறது. மாலை போட்டவர்கள் பிற வீட்டில் சமைத்ததைத் தொடமாட்டார்கள். அந்த வீடுகளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் போதும்.

2025 மார்ச்சில் நம் உபவாச காலமான லெந்து நாட்களும் ரமலான் நோன்பும் சேர்ந்து வந்தன. ஜமாஅத்தார் அழைத்த நோன்பு திறப்புக்கு நம்மில் சிலர் போனோம். போகிறவர்கள் சூரியன் மறைவதற்குக் கால்மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். அதாவது மார்ச்சில் நம் பக்கம் ஆறேகாலுக்கே உட்கார வேண்டும். பாங்கு சொல்லும்வரை கஞ்சியில் கை வைக்கக் கூடாது. வாழ்த்துரை கேட்டால் இரண்டு நிமிஷம், அவ்வளவுதான்; அடுத்து மஃரிப் தொழுகைக்கு அவர்கள் எழுந்தாக வேண்டும்.

சாவு விழுந்த துட்டி வீட்டில்தான் அக்கம்பக்கம் தெரியும். அடுப்பு எரியாத வீட்டுக்குக் காலை இட்லி கொண்டுபோகிற ஏற்பாடு நன்றாக நடக்கிறது. 1 கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் சுமார் 50 இட்லி தேறும். சாம்பார் வேண்டாம், சிந்தும், புளிக்கும். மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் போதும். அங்கே போய்ப் பாட்டெடுப்பதோ சத்தமாக ஜெபிப்பதோ வேண்டாம். நாற்காலி எடுத்துப் போடுங்கள். பதினாறாம் நாளுக்கும் எட்டிப் பாருங்கள்.

இனி, கமிட்டியில் சிலருக்குப் பிடிக்காத பகுதி. கொடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள், வாங்கிக்கொள்ளத்தான் தெரியவில்லை. தீபாவளி முறுக்கை வாங்கி, கதவு சாத்தியதும் வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிடுகிற வீடுகள் இந்தச் சபையில் உண்டு. அந்த அம்மாவும் அதே தெருக்காரர். சேதி சாயங்காலத்துக்குள் போய்விடும். சாமிக்குப் படைத்த பண்டம் என்பதுதான் உறுத்தல் என்றால் 1 கொரிந்தியர் 10:27, 28-ஐச் சேர்த்து வாசியுங்கள். அழைத்த வீட்டில் முன்வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார் பவுல்; படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவர் நிமித்தம் விட்டுவிடு என்கிறார். துருவித் துருவிக் கேட்கச் சொல்லவில்லை. மனச்சாட்சி இடங்கொடாதவர்கள் வாசலிலேயே கைகூப்பிச் சொல்லிவிடலாம். வாங்கிவிட்டு எறிவதைவிட அது மரியாதை. வரும் ஆண்டில் நாம் அழைக்கும் ஒவ்வொரு விருந்துக்கும் ஈடாக, அவர்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்காவது போக வேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. அயல்வீடுகளிலிருந்து பலகாரமும் பாயாசமும் வந்த ஏழு தூக்குவாளிகள் நம் கோவில் அடுக்களையில் கிடக்கின்றன. எந்த வீட்டுடையது என்று தெரிந்தவர்கள் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடம் சொல்லி எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். வெறும் வாளியாகக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
செயலாளர்