மக்பெத்தைத் தமிழில் எடுக்க நினைக்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களே,

போன மாதம் நண்பர் ஒருவர் தன் திரைக்கதையைப் படிக்கக் கொடுத்தார். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகக் கதைதான்: மனைவி தூண்டிவிட, தளபதி மக்பெத் தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த மன்னர் டங்கனைக் கொன்று அரியணை ஏறுகிறான். நண்பரின் கதையில் டங்கன் ஊர்ப் பெரியவர், கோட்டைக்குப் பதில் பழைய அரிசி ஆலை. கொலை வரும்வரை நன்றாகவே போனது. கொலைக்கு மட்டும் நான்கு பக்கம்! கத்தி இறங்குகிறது, கால் உதறுகிறது, சுவரெல்லாம் ரத்தம். அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஷேக்ஸ்பியர் அந்தக் கொலையைக் காட்டவே இல்லை. மேடையில் முடியாது என்பதால் அல்ல. அதே நாடகத்தில் மக்பெத்தின் தோழன் பாங்கோவை நம் கண்ணெதிரேதான் வெட்டுகிறார்கள், மக்டஃப் என்ற பிரபுவின் சின்னப் பையனையும் அப்படியே. டங்கன் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் சாகிறார். இந்தப் பக்கம் மனைவி காத்திருக்கிறாள், ஆந்தை அலறுகிறது. பழி காவலாளிகள் மேல் விழ, அவர்கள் பக்கத்தில் போட்டுவிட்டு வர வேண்டிய கத்திகளைப் பதற்றத்தில் கையோடு கொண்டுவந்து நிற்கிறான் கணவன். ‘ஆமென்’ என்று சொல்ல வாய் வரவில்லையே என்று புலம்புகிறான். அவள் கத்திகளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். அந்த நேரம் பார்த்து யாரோ கோட்டைக் கதவைத் தட்டுகிறார்கள். எனக்கு அந்தத் தட்டலில்தான் குலை நடுங்குகிறது.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா மக்பெத் கதையை வைத்து 1957இல் எடுத்த ‘த்ரோன் ஆஃப் பிளட்’ படத்தில் ஷேக்ஸ்பியரின் வசனமே கிடையாது. ஆனால் இந்தக் காட்சியை அவர் புரிந்துகொண்டிருந்தார். ஈட்டியோடு கணவன் உள்ளே போகிறான். கேமரா பின்னால் போவதில்லை. ஜப்பானின் மரபு நாடகமான ‘நோ’வின் முகமூடி போல உறைந்த முகத்துடன் மனைவி அசாஜி தனியே இருக்கிறாள். அவள் நடந்தால் பட்டுத் துணி உரசும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அவன் திரும்பும்போது ஈட்டியில் ரத்தம்.

இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி தன் 1971 ‘மக்பெத்’ படத்தில் கேமராவைப் படுக்கையறைக்கே கொண்டுபோனார். டங்கன் கண் விழித்துக் கொலைகாரனைப் பார்த்துவிடுகிறார். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்புறம் மக்பெத் நடுங்கும்போது நமக்கு நடுக்கம் வருவதில்லை. எல்லாவற்றையும்தான் பார்த்தாகிவிட்டதே!

பக்கத்து மலையாளத்தில் மக்பெத்தைத் தழுவி 2021இல் வந்த ‘ஜோஜி’ படத்தில் கோட்டையும் இல்லை, வாளும் இல்லை. அப்பாவின் மாத்திரையை மகன் மாற்றி வைக்கிறான். அண்ணி பின்சி வாய் திறப்பதே அபூர்வம். சாவு வீட்டில் அவள் அவனிடம் சொல்வது, மாஸ்க் போட்டுக்கொண்டு வா என்பதுதான். கொரோனா காலம், யாருக்கும் சந்தேகம் வராது. முகத்தில் இருப்பதை மறைத்துக்கொள் என்கிறாள் என்று நமக்கு மட்டும் தெரியும்.

இன்னொரு வேண்டுகோள். தட்டும் கதவைத் திறக்க வரும் குடிகார வாயில்காப்போனை வெட்டிவிடாதீர்கள். நரகத்தின் வாசலுக்கே தான் காவல் என்று உளறிக்கொண்டு, கதவைத் திறக்காமல் நேரத்தைக் கடத்துவான். தேவையில்லாத இடத்திலெல்லாம் காமெடி டிராக் வைத்துப் பழகிய நமக்கு, கதையே கேட்டு வாங்கும் ஒரு காமெடி கிடைத்திருக்கிறது.

நண்பர் இப்போது கொலையை அரைப் பக்கமாகக் குறைத்திருக்கிறார். கதவு தட்டும் சத்தம் எங்கே என்று கேட்டால், அதைப் பின்னணி இசையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நீங்களாவது அந்த இடத்தில் இசை போடாமல் விடுங்கள்.

அன்புடன்,
மூன்றாவது வரிசை ரசிகன்