முதல் துவக்கு வாங்கப்போகிற மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலிக்கு ஹட்டனில் எடுத்த மருந்து பிடித்திருக்கிறது.

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். விசைக்குக் கீழே உள்ள லீவரை இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவை உள்ளே கொண்டுவருகிற லீவர் துவக்கு (துப்பாக்கி) ஒன்று வாங்கப்போகிறேன், எந்தக் கலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, எடுப்பது என்று தெரியவில்லை, அப்பா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். அம்மா முதலில் பயந்துதான் போனாள். கனடாவில், பிரின்ஸ் ஜோர்ஜில் உன்னோடு வேலை செய்கிற நர்ஸ்மார் பலரும் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், குளிர்காலம் முழுக்க அந்த இறைச்சியைத்தான் சமைக்கிறார்கள் என்று நான் விளக்கிச் சொன்ன பிறகு, "சரி, கவனமாகச் செய்யச் சொல்லுங்கள்" என்றாள்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். .30-30 வாங்கு. மருமகன் கரடியை நினைத்து .45-70 வேண்டும் என்கிறார். அவருடைய அக்கறை எனக்கு விளங்குகிறது. ஆனால் முதல் துவக்காக அது வேண்டாம்.

காரணம் உதை, அதாவது வெடித்ததும் துவக்கு பின்னால் வந்து தோளில் அடிப்பது. நான் தேயிலைத் தோட்டத்தில் வேலைகளை மேற்பார்வை செய்கிற கண்டக்டராக இருந்த காலத்தில், மரக்கறித் தோட்டங்களைக் காட்டுப்பன்றி உழுதுபோட்டால் பங்களாவில் இருந்த 12 போர் ரெட்டைக் குழல் துவக்கை வெளியே எடுப்பார்கள். புதிதாக வெடி வைக்கப் பழகுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தோளில் ஒருமுறை பலமாக உதை வாங்கியவன், அடுத்த தடவை விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணை மூடிவிடுவான். தோள் முன்னுக்கு வரும், குழல் முனை தாழும். அப்படி வைத்த வெடி பன்றியின் நெஞ்சில் படாது, வயிற்றில் படும். அது தேயிலைக்குள் ஓடி எங்கேயோ கிடந்து சாகும். இந்தப் பயம் உடம்பில் ஒருமுறை ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம். அது ஏறாமல் பழகுவதற்கு ஏற்ற துவக்குத்தான் முதல் துவக்கு.

.30-30இல் வருகிற குண்டு பெரும்பாலும் 150 அல்லது 170 கிரெயின், அதாவது 10, 11 கிராம். .45-70 குண்டு 300 கிரெயினில் தொடங்கி 400ஐயும் தாண்டும். வேட்டைக்கென்று விற்கிற பலமான ரவைகளில் (தோட்டாக்களில்) அதன் உதை .30-30ஐப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். ரவை விலையும் அதிகம். விலை அதிகமென்றால் நீ கொஞ்சமாகத்தான் சுடுவாய், கொஞ்சமாகச் சுட்டால் பழக்கம் வராது. .45-70 என்பது 1873இல் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்த ரவை. நல்ல ரவைதான், பழகிய கைக்கு.

.30-30உம் ஒன்றும் புதிதல்ல. ஜோன் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 மாதிரித் துவக்குக்காக 1895இல் வந்தது. புகையில்லாத வெடிமருந்தில் அமெரிக்காவில் வேட்டைக்கென்று வந்த முதல் ரவைகளில் அது ஒன்று. குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 700 மீற்றர் வேகத்தில் வெளியேறும். 150 மீற்றருக்குள் ஒரு மானுக்கு அது தாராளம். அதற்கு மேல் குண்டு விரைவாகத் தாழத் தொடங்கும், தூரத்தைச் சரியாகக் கணிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உன்னுடைய ஊர்ப் பக்கம் அடர்ந்த காடு என்கிறாய், நூறு மீற்றருக்கு அப்பால் மரங்கள்தான் தெரியும் என்கிறாய். அப்படியென்றால் இது போதும். வெட்டவெளியில் முந்நூறு மீற்றரில் நிற்கிற மானுக்கு வைக்க வேண்டுமென்றால் லீவர் துவக்கே வேண்டாம், பக்கத்துக் கைப்பிடியை இழுத்து ரவை ஏற்றுகிற போல்ட் துவக்கு எடு என்று சொல்லியிருப்பேன்.

கரடி விஷயம். இங்கே கொழுந்து எடுக்கிற பெண்கள் மேல் சிறுத்தை பாய்ந்த செய்தி வருகிற ஒவ்வொரு முறையும், எல்லோருக்கும் துவக்கு வேண்டும் என்று பேச்சு எழும். பயத்தில் நடுங்குகிற கையில் பெரிய துவக்கு இருந்து பிரயோசனமில்லை, மகள். கரடிக்கென்று அங்கே விற்கிற மிளகுத் தெளிப்பானை இடுப்பிலே, உடனே உருவக்கூடிய இடத்தில் வைத்துக்கொள். அதையும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பழகு. துவக்கை மானைப் பார்த்துத் தெரிவுசெய்.

இனி நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. எனக்குக் கைப்பழக்கம் எல்லாம் நடுவில் மடிகிற துவக்கில்தான். லீவர் துவக்கைப் பற்றி நான் சொல்வது நீ கேட்ட பிறகு வாசித்தும், வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் அறிந்தது. பங்களாத் துவக்கை மடித்தால் இரண்டு குழலும் திறந்து, மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். வெறுமையா, ரவை இருக்கிறதா என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியும். லீவர் துவக்கு அப்படியில்லை. ரவைகள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும், வெளியில் தெரியாது. ஒன்றை வெளியே எடுத்தவுடன் வெறுமையாகிவிட்டது என்று நினைத்தால் அடுத்தது உள்ளே வரக் காத்திருக்கும்.

மார்லின், ஹென்றி என்ற இரண்டு கம்பெனிகளின் துவக்குகளை ஒப்பிட்டுச் சொல்கிறேன். மார்லின் 336இல் அந்தக் குழாயைக் காலி செய்வதற்கு லீவரைத் திறந்து மூடி ஒவ்வொரு ரவையையும் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்பக்கத்தில் வெடிக்கிற அறைக்குள், கொண்டுவந்துதான் வெளியே தள்ள வேண்டும். ஒவ்வொரு முறை மூடும்போதும் குதிரை (ரவையை வெடிக்கவைக்கிற சுத்தியல்) நிமிர்ந்து, துவக்கு வெடிக்கத் தயாராக நிற்கும். அந்த நேரம் முழுக்க விரல் விசைக்கு வெளியே, குழல் முனை ஆபத்தில்லாத பக்கம். ரவை வருவது நின்ற பிறகும் லீவரை இன்னும் சில தடவை ஓட்டு. அப்புறம் திறந்து வைத்துக் கண்ணால் பார், சுண்டுவிரலைச் சேம்பருக்குள் விட்டும் பார். குளிரில் விறைத்த விரலோடு, இருட்டுகிற நேரத்தில் செய்யப்போகிற வேலை இது. வீட்டில் போலி ரவையை வைத்துக் கை தானாகச் செய்கிற வரைக்கும் பழகு.

ஹென்றியில் இந்த விஷயம் சுலபம். அடிக்குழாயின் உள்குழலை முன்பக்கமாக உருவி, குழல் முனையைக் கீழே சரித்தால் குழாயிலுள்ள ரவைகள் வெளியே வந்துவிடும். சேம்பரில் இருப்பதை மட்டும் லீவரால் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் ரவை போடுகிற வாசல் உள்ள மாதிரியாகப் பார், எல்லா ஹென்றியிலும் அது இல்லை. பித்தளை உடம்பு வேண்டாம், பார்க்க அழகு, ஆனால் காடு முழுக்கச் சுமக்கப் பாரம். இரும்பு உடம்பு எடு.

மார்லினில் குதிரையைக் கையால் இறக்குவதும் கவனமான வேலை. சேம்பரில் ரவை இருக்கும்போது மான் போய்விட்டால், குதிரையைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி மெதுவாக இறக்க வேண்டும். கையுறை வழுக்கினால் வெடித்துவிடும். ஆகவே முதல் வருஷம் சேம்பரில் ரவை இல்லாமலே நட. அடிக்குழாயில் இருக்கட்டும், மானைக் கண்டு, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்த்த பிறகு லீவரை ஓட்டு. அந்தச் சத்தத்தில் மான் ஓடினால் ஓடட்டும்.

அடிக்குழாய் உள்ள துவக்குக்குக் கூரான குண்டு போடாதே. உள்ளே ஒரு ரவையின் மூக்கு முன்னால் உள்ள ரவையின் பிரைமரில் (அடியில் உள்ள, அடித்தால் வெடிக்கிற மூடியில்) முட்டிக்கொண்டு இருக்கும். வெடிக்கிற அதிர்ச்சியில் கூர்முனை பிரைமரைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும், உன் இடது கை அதற்கு நேர் கீழேதான் இருக்கும். அதற்காகத்தான் .30-30 குண்டுகள் தட்டை மூக்கோடு வருகின்றன. ஹோர்னடி கம்பெனி ரப்பர் போன்ற மெதுவான முனை வைத்து ஒன்று செய்கிறது, அது இந்தக் குழாய்களுக்கென்றே செய்தது, அதைப் போடலாம். கடைக்காரர் என்ன கொடுத்தாலும் பெட்டியில் எழுதியிருப்பதை நீயே வாசி. துவக்கின் குழலில் பொறித்திருக்கிற கலிபரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி அளவு. நீ அம்மாவின் உயரம். பிடங்கு, அதாவது தோளில் வைக்கிற பகுதி, நீளமாக இருந்தால் முகம் சரியாகப் படியாது, கழுத்தை நீட்டிக் குறி பார்ப்பாய், உதையும் கன்னத்தில் அடிக்கும். மார்லினில் பிடங்கு முனையிலிருந்து விசை வரை 13 அரை அங்குலத்துக்குக் கிட்ட வரும், ஹென்றியில் 14. அரை அங்குலம்தானே என்று விடாதே, அங்கத்தைய தடித்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு கடையிலே தோளில் வைத்துப் பார். கண்ணை மூடிக்கொண்டு தூக்கு, கன்னம் படிந்த பிறகு திற. குறி தானாக நேரே நின்றால் அது உன் துவக்கு. கையுறையோடு லீவர் வளையத்துக்குள் விரல்கள் போகின்றனவா என்றும் பார். மார்லின், ஹென்றி இரண்டிலும் வெடித்த ரவையின் வெற்றுக் கோது பக்கவாட்டில் போய் விழும், மேற்பக்கம் மூடியிருக்கும், பிற்காலம் ஸ்கோப் (குறிபார்க்கிற தொலைநோக்கி) பூட்டலாம். பழைய வின்செஸ்டர் 94இல் கோது மேலே பாயும், அதில் ஸ்கோப் வைப்பது சிரமம். அது மலிவாகக் கிடைத்தால் இதை யோசி.

காசு கூடும்போது .22 லீவர் துவக்கு ஒன்றும் வாங்கு. அதே கை அசைவு, உதை இல்லை, ரவை மிக மலிவு. மானுக்கு அல்ல, பழகத்தான்.

பாதுகாப்புப் பாடநெறி முடித்து லைசனுக்கு விண்ணப்பித்தாய் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். முதல் தடவை எடுக்கிறவர்கள் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, அதைக் குறைசொல்லாதே. இங்கே இலங்கையில் 1916ஆம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருஷா வருஷம் லைசன் புதுப்பிக்க வேண்டும். உங்களுடையது ஐந்து வருஷம். வேட்டைக்கு உங்கள் மாகாணத்தில் தனிப் பாடநெறி இருக்கிறது, அதையும் அவசரப்படாமல் முடி. வீட்டில் துவக்கு வெறுமையாக, பூட்டில் இருக்க வேண்டும், ரவை வேறு பூட்டில். சாவி உன்னிடம் மட்டும். விருந்தாளிப் பிள்ளைகள் வந்தாலும் காட்டுவதற்கென்று எடுக்காதே.

நீ வேட்டைக்குப் போவது எனக்குப் பிடித்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டியது. உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துப்போனது. கம்பி எதைப் பிடிக்கிறது என்று கம்பிக்குத் தெரியாது. வைத்தவன் வீட்டில் தூங்குகிறான். நுவரெலியாவில் மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் கல்லறை இருக்கிறது, ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர் என்பார்கள், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். எண்ணிக்கைக்காகச் சுட்டவர். நீ ஒரு மானைப் பார்த்து, அது எது என்று உறுதிசெய்து, கிட்டப் போய் ஒரே வெடியில் வீழ்த்தி, இறைச்சியை வீணாக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருகிறாய். தின்னக்கூடிய இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது உங்கள் மாகாணத்தில் சட்டமே என்று வாசித்தேன். நல்ல சட்டம்.

கடைக்குப் போனதும் மார்லின், ஹென்றி இரண்டையும் தோளில் வைத்து, மருமகனைப் பக்கவாட்டில் நின்று படமெடுக்கச் சொல்லி அனுப்பு. முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் மூட்டு வரைக்கும் அளந்தும் எழுது. அதைப் பார்த்துவிட்டு எது என்று பேசுவோம், அதுவரைக்கும் முற்பணம் கட்டாதே.

மான் இறைச்சிக் கறிக்கென்று அம்மா தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறாள். வன்கூவருக்கு யாராவது வருகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா