நிழலை வெட்டிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஓவியப் பக்கத்தில் பிரெஞ்சு ஓவியர் கமீல் பிஸாரோவின் ‘வெண் உறைபனி’ படத்தைப் போட்டு, கீழே ‘அவசரத்தில் தீட்டிய ஒரு கிராமத்துப் பாதை’ என்று எழுதியிருந்தீர்கள். நாலு நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

படத்தின் அடிப்பகுதியை வெட்டி, அங்கே ஒரு நகைக்கடை விளம்பரத்தையும் வைத்திருந்தீர்கள். வெட்டுப்பட்டவை நிழல்கள். விறகைச் சுமந்து தடியூன்றி ஒருவர் நடந்துவரும் அந்தப் பாதையிலும், பக்கத்து உழவுசால்களிலும் பாப்லர் மரங்களின் நிழல்கள் நீண்டு கிடக்கின்றன. அந்த மரங்கள் படத்துக்குள் இல்லை, சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. 1874இல் பாரிஸில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் நடத்திய முதல் கண்காட்சியில் இதே படத்தைப் பார்த்த விமர்சகர் லூயி லெருவா, அழுக்குத் துணியில் வர்ணத்தட்டைச் சுரண்டிப் பூசியது என்று கேலி செய்தார். அந்த ஓவியர்களுக்கு ஆதரவாக எழுதிய விமர்சகர் காஸ்தான்யாரிகூட, வெளியே நிற்கும் மரங்களின் நிழலை வரைந்தது பெரும் பிழை என்றார். அவர் பேனாவால் சொன்னதை நீங்கள் கத்தரியால் செய்துவிட்டீர்கள்.

நான் இருபது வருடமாகப் பாரிஸுக்கு அருகிலுள்ள பொந்துவாஸ் பக்கம் இருக்கிறேன். படத்தில் இருப்பது இங்கிருந்து எனெரி கிராமத்துக்குப் போகும் பழைய பாதை. மாரியில் இரவு வேலை முடித்து வரும்போது பார்ப்பேன். வெயில் பட்ட இடத்தில் பனி கரைந்து மண் தெரியும், நிழல் விழுந்த இடத்தில் மட்டும் வெள்ளை அப்படியே கிடக்கும். நிழலும் கறுப்பாக இருக்காது, வானத்தின் நீலம் ஏறியிருக்கும். அவசரக்காரனுக்கு இது தெரியாது.

ஊரில் படிக்கும்போது நானும் ஒரு பனைமரத்தின் நிழலை மட்டும் ஒழுங்கையில் கீறினேன். ‘மரம் எங்கையடா?’ என்று கேட்டு, சித்திர வாத்தியார் கொப்பியால் தலையில் அடித்தார். பிறகு அந்தப் பாடவேளையே கணக்குக்குப் போய்விட்டது.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தபோது பிஸாரோ பாரிஸுக்கு அருகே லூவ்சியெனில் இருந்த வீட்டை விட்டு லண்டனுக்குப் போனார். வீட்டில் தங்கிய பிரஷ்யப் படையினர், ஏறக்குறைய இருபது வருட உழைப்பில் பெரும் பகுதியை நாசமாக்கிவிட்டார்கள். 1995 ஒக்டோபரில் போரால் நாங்களும் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நடந்தோம். திரும்பிப் போனபோது என் சித்திரக் கொப்பிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு நான் கீறவேயில்லை. பிஸாரோவோ திரும்பி வந்து, நாற்பது வயதுக்கு மேல் முதலிலிருந்து தொடங்கினார். 1873இல், அந்த இழப்புக்குப் பிறகு வந்தது இந்தப் படம். அதைப் போய் அவசரம் என்கிறீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் சிஸ்லி என்ற ஓவியரின் படத்துக்கு இன்னொரு ஓவியரான மொனேயின் பெயரைப் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். ஒரு வரித் திருத்தம்கூட வரவில்லை. வாசகன் கவனிக்கமாட்டான் என்று நீங்கள் நினைத்திருக்கமாட்டீர்கள் என்றே இன்னும் நம்புகிறேன்.

தயவுசெய்து அடுத்த இதழில் இந்தப் படத்தை நான்கு ஓரமும் வெட்டாமல் வெளியிடுங்கள். அளவு 65 × 93 சென்றிமீற்றர், இருப்பது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில். அரைப் பக்கம் போதும். கீழே ஒன்றும் எழுத வேண்டாம், ஓவியரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பொந்துவாஸ், பிரான்ஸ்