பரவைக்கடலுக்கு ஒரு சத்தமில்லாத மோட்டர்

ஸ்காபரோ, கனடா
செப்ரெம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் பிள்ளைகளும் இங்கு நலமாக இருக்கிறோம். உங்கள் தோள்மூட்டு வலி இன்னும் குறையவில்லை என்று தம்பி சொன்னதிலிருந்து மனம் குருநகரிலேயே நிற்கிறது. மரக்கோல் ஊன்றி வள்ளத்தைத் தள்ள வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியும் நீங்கள் விடிகாலையில் களங்கண்ணி வலைக்குப் போய்வருவதை அம்மா என்னிடம் மறைக்கவில்லை. சென்ற மாதம் நான் அனுப்பிய படத்தில் என் படகின் பின்பலகையில் தொங்கிய சிறிய மோட்டரைப் பார்த்துவிட்டு, அது நம்முடைய வள்ளத்துக்கும் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் இரண்டு சொல்லில் முடிகிற மறுமொழி அல்ல என்பதால், அதைப் பற்றி மட்டுமே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இதை இங்கே ட்ரோலிங் மோட்டர் என்பார்கள். பெயரைக் கேட்டதும் உங்கள் மனத்தில் இழுவைமடியும், நம்முடைய வலைகளை அறுத்துக்கொண்டு போன ரோலர் படகுகளும் வந்திருக்கும். இலங்கையில் 2017ஆம் ஆண்டு சட்டம் போட்டுத் தடுத்த அந்தத் தொழிலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மெல்ல ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துக்கொண்டு போகும் முறைக்குத்தான் இங்கே அந்தப் பெயர். அந்த மெதுவான ஓட்டத்துக்கென்று செய்யப்பட்டது இந்த மோட்டர். பற்றரியில் ஓடுவதால் பெற்றோலும் இல்லை, புகையும் இல்லை, பேச்சுக் குரலை விஞ்சும் சத்தமும் இல்லை. 1934ஆம் ஆண்டு அமெரிக்காவில் நோர்த் டகோட்டா மாநிலத்தின் பார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் இவ்வகை மோட்டரைச் செய்து, மினசோட்டா, டகோட்டா என்ற இரண்டு மாநிலங்களின் பெயரையும் சேர்த்து மின் கோட்டா என்று பெயர் வைத்தார். இன்றும் இங்குள்ள படகுகளில் அந்தப் பெயரையே அதிகமாகக் காண்கிறேன்.

நான் போகும் ஸ்கூகொக் ஏரி வீட்டிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தூரம். 1834ஆம் ஆண்டு லின்ட்சே என்ற ஊரில் அணை கட்டியபோது தாழ்நிலத்தில் நீர் ஏறிப் பெருகிய ஏரி அது. ஆகையால் பரப்பு பெரிது, ஆழம் குறைவு. சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. கோடையில் நீர்ப்பூண்டு மேல்வரை எழும்பி, நம்முடைய ஆழமற்ற பரவைக்கடலில் சாதாழைக் கடற்புல் படர்ந்து கிடப்பதைப் போலவே தெரியும். முதல் நாள் அதைப் பார்த்தபோது, கண்ணை மூடித் திறந்தால் மண்டைதீவு தெரியும் போல இருந்தது. இவ்வளவு ஆழமில்லாத நீரில் பெற்றோல் எஞ்சினை ஓட்டினால், பூண்டின் ஓரத்தில் பதுங்கி நிற்கும் பாஸ் மீன் நாங்கள் தூண்டில் போடுவதற்கு முன்பே கலைந்துவிடும். ஓரா மீன் கூட்டத்தை நெருங்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு நீங்கள் மரக்கோலைக் கையில் எடுப்பது எதற்காகவோ, அதற்காகத்தான் இங்குள்ளவர்கள் இந்த மோட்டரை வைத்திருக்கிறார்கள். இது எஞ்சினுக்கு மாற்று அல்ல, மரக்கோலுக்கு மாற்று என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் மற்ற எல்லாம் விளங்கிவிடும்.

நான் முதலில் வாங்கியது பழைய மோட்டர் ஒன்று. விற்றவர் கரையில் வைத்து ஓட்டிக் காட்டினார். விசிறி நன்றாகச் சுழன்றது, விலையும் மலிவு. மூன்றாம் தடவை ஏரியின் நடுவில் சுற்று மெதுவாகி, பின்னர் முற்றாக நின்றுவிட்டது. அன்று பெரிய எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தேன். மகனையும் படகின் முன்புறம் அணியத்தில் இருத்திக்கொண்டு, எதிர்க்காற்றில் இரண்டு மணி நேரம் துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தேன். வீட்டில் விசிறியைக் கழற்றிப் பார்த்தபோது, அதற்குப் பின்னால் அச்சைச் சுற்றித் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூல் இறுகிக் கிடந்தது. அந்த நூல் அச்சின் வாயில் உள்ள ரப்பர் அடைப்பை அறுத்துவிட, நீர் உள்ளே போய் மோட்டரின் உட்பாகங்கள் துருப்பிடித்திருந்தன. கரையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. இந்த மோட்டர்களைக் கெடுப்பவற்றில் தங்கூசியைப் போல வேறொன்றும் இல்லை என்று அதைப் பழுதுபார்க்க மறுத்த கடைக்காரர் சொன்னார். இப்போது ஒவ்வொரு இரண்டாவது பயணத்துக்குப் பிறகும் விசிறியைக் கழற்றி அச்சைத் துடைத்துப் பார்த்த பின்னரே உள்ளே வைக்கிறேன்.

அதன் பிறகு புதிய மோட்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்துக்கொண்டேன். இவற்றுக்குக் குதிரைவலு சொல்வதில்லை. எத்தனை இறாத்தல் உந்துவிசை என்றுதான் சொல்வார்கள். ஆட்களும் சாமான்களும் ஏறிய படகின் ஒவ்வொரு 100 இறாத்தல் எடைக்கும் 2 இறாத்தல் உந்துவிசை வேண்டும் என்பது இங்கு வழங்கும் கணக்கு. என் 14 அடி அலுமினியப் படகு, இரண்டு பேர், எஞ்சின், பற்றரி, பெட்டிகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 800 இறாத்தல். கணக்குப்படி 16 இறாத்தல் போதும். ஆனால் அந்தக் கணக்கு காற்றில்லாத நாளுக்குரியது. கச்சான் காற்று முகத்தில் அடிக்கும்போது படகை நிறுத்தி வைக்கவே இரண்டு மடங்குக்கு மேல் வேண்டியிருக்கும் என்பதால், நான் 55 இறாத்தல் மோட்டரை எடுத்தேன். உந்துவிசை கூடினால் வேகம் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. விசிறியின் சாய்வும் சுற்றும் ஒரே அளவாக இருப்பதால் எந்த மோட்டரும் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீற்றருக்கு மேல் படகை ஓட்டாது. கூடுதல் விசை, பாரத்தையும் காற்றையும் எதிர்த்து அந்த வேகத்தைக் காப்பாற்றுவதற்கே பயன்படும்.

12 வோல்ற் மோட்டர்களில் 55 இறாத்தல்தான் ஏறத்தாழ மேல் எல்லை. அதற்கு மேல் 70, 80 இறாத்தல் வேண்டுமென்றால் 24 வோல்ற், அதாவது இரண்டு பற்றரி; 100ஐத் தாண்டினால் 36 வோல்ற், மூன்று பற்றரி. இதை யோசிக்காமல் பெரிய மோட்டரை வாங்கியவர்கள் படகின் பாதியைப் பற்றரிக்குக் கொடுத்துவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பற்றரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோட்டர் நம்பிக்கையானதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பற்றரியின் குற்றத்தையே மோட்டரின் மேல் போடுகிறார்கள். கார், லொறி பற்றரிகளில் ஈயத்தகடுகள் மெல்லியவை. சில விநாடிகள் பெருமின்னோட்டம் கொடுத்து எஞ்சினைக் கிளப்புவதே அவற்றின் வேலை. அவற்றை மணிக்கணக்கில் வடியவிட்டால் ஒரு பருவத்துக்குள் செத்துப்போகும். மெல்ல மெல்ல வடிந்து மீண்டும் நிறையும்படி தடித்த தகடுகளுடன் செய்யப்படும் வேறு வகைப் பற்றரி இதற்கு வேண்டும். அதிலும் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே வடியவிடக் கூடாது. பற்றரியின் கொள்ளளவு 100 அம்பியர்-மணி, அதாவது 10 அம்பியர் வீதம் 10 மணி நேரம், என்று எழுதியிருந்தால் உங்கள் கையில் இருப்பது 50தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 இறாத்தல் மோட்டர் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 அம்பியர் இழுக்கும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆனால் மீன் பார்க்கும் மெதுவான ஓட்டத்தில் 10, 12 அம்பியர்தான் செல்வதால் நான்கு மணி நேரம் ஓடலாம். லிதியம் பற்றரி ஈயத்தின் பாதி எடைகூட இல்லை, ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். ஆனால் விலை மிக அதிகம், அதற்கென்று தனிச் சார்ஜர் வேண்டும், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. நான் ஈயத்தையே வாங்கினேன். 27 கிலோ எடையைப் படகுவரை தூக்கிச் செல்லும் ஒவ்வொரு முறையும் லிதியத்தின் நினைவு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேகக் கட்டுப்பாட்டில் இரண்டு வகை உண்டு. முன்னோக்கி 5 வேகம், பின்னோக்கி 3 வேகம் என்று படிப்படியாக மாற்றும் பழைய வகையில், குறைந்த வேகத்தில் மிஞ்சும் மின்சாரம் சூடாகி வீணாகும். மற்றது வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்கும் மின்னணு வகை. அதில் பற்றரி கணிசமாக நீடிக்கும், ஆனால் உள்ளே ஒரு மின்னணுப் பலகை இருக்கும். காலால் திருப்புவது, செய்மதியைப் பார்த்துத் தானே ஓரிடத்தில் நங்கூரமிட்டதுபோல் நிற்பது என்று அணியத்தில் பூட்டும் மோட்டர்களும் இருக்கின்றன. நண்பர் ஒருவரின் படகில் அது நிற்பதைப் பார்த்து வியந்தேன். ஆயினும் நான் கைப்பிடி வைத்த, படிப்படியாக மாற்றும் எளிய வகையையே எடுத்தேன். ஏரியின் நடுவில் ஒரு வயர் கழன்றாலும் குறடு ஒன்றால் திருத்திக்கொள்ளலாம் என்ற தைரியம் எனக்கு மற்ற எல்லா வசதியையும் விடப் பெரிதாகப் பட்டது.

வயர் என்றதும் இன்னொன்று. நீளமான மெல்லிய வயரைப் போட்டால் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்து, மோட்டர் சோர்ந்து, வயர் சூடாகும். தடித்த செப்பு வயர், பற்றரியில் திருகாணியால் இறுக்கும் வளைய முனை, பற்றரிக்குப் பக்கத்திலேயே மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் 60 அம்பியர் பிரேக்கர் ஆகிய மூன்றும் இல்லாமல் படகை நீரில் இறக்கக் கூடாது. விசிறி பூண்டில் சிக்கி நிற்கும் கணத்தில் மின்னோட்டம் எகிறும். அப்போது பிரேக்கர் விழவில்லையென்றால் எரிவது மோட்டர்தான். பூண்டு வழுக்கிப் போகும்படி பின்னோக்கி வளைந்த இதழ்களுள்ள விசிறியும் விற்கிறார்கள். நம்முடைய சாதாழைக்கு அது கட்டாயம் வேண்டும்.

இவ்வளவு சிறிய மோட்டரானாலும் அதை ஓட்டுபவரிடம் படகோட்டும் தகுதி அட்டை இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். பரீட்சை எழுதி அதைப் பெற்றேன். கடலோடியின் மகனுக்குப் பரீட்சையா என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் உறைகுளிர் நீரில் விழுந்தவனுக்கு என்ன நடக்கும் என்பதை அங்கேதான் படித்தேன்.

இனி உங்கள் விடயம். என்னிடம் இருக்கும் மோட்டரைப் போல ஒன்றை வாங்கி அனுப்ப முடியாது, ஏனென்றால் இது நன்னீருக்குச் செய்தது. பரவைக்கடலின் உப்பு இதன் அலுமினியத்தைச் சிறிது காலத்தில் தின்றுவிடும். உப்புநீருக்கென்று தனியாகச் செய்யும் மோட்டர்கள் உண்டு. அவற்றில் பூச்சு வேறு, மின்னிணைப்புகள் நன்றாக மூடப்பட்டிருக்கும், உடலுக்குப் பதிலாகத் தான் அரிபடும்படி ஒரு துத்தநாகத் துண்டும் பூட்டியிருக்கும். அந்தத் துண்டு கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். கரை வந்ததும் ஒரு வாளி கிணற்றுநீரால் மோட்டரைக் கழுவ வேண்டும். இதைத் தம்பி பொறுப்பெடுத்தால் மட்டுமே அனுப்புவேன். லிதியம் பற்றரி ஆபத்தான பொருள் என்று கணக்கிடப்படுவதால் இங்கிருந்து அனுப்புவது சிக்கல். சூரிய மின்கலங்களுக்கு வைக்கும் ஈயப் பற்றரியை யாழ்ப்பாணத்திலேயே வாங்கலாம். சார்ஜரையும் அங்கேயே வாங்குங்கள். இங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற், அங்கே 230.

எதை வாங்குவது என்று முடிவு செய்ய எனக்கு மூன்று அளவுகள் வேண்டும். வள்ளம் நீரில், வலையும் ஆட்களும் ஏறி நிற்கும்போது, பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம்வரை எத்தனை அங்குலம் என்று தம்பி அளக்கட்டும். விசிறி நீருக்குக் கீழே ஓர் அடியாவது இருக்கும்படி தண்டின் நீளத்தை அதிலிருந்துதான் கணக்கிடுவேன். பின்பலகையின் தடிப்பும் வேண்டும், பிடி பூட்டுவதற்கு. மூன்றாவது, எல்லாம் சேர்ந்த எடை. 1,500 இறாத்தல் என்று வந்தால் கணக்குப்படி 30, சோளகக் காற்றுக்காக இரட்டித்தால் 60. அது 12 வோல்ற்றின் எல்லையைத் தாண்டி இரண்டு பற்றரியில் போய் நிற்கும். 1,300க்குள் இருந்தால் ஒரு பற்றரியோடு முடித்துவிடலாம். ஆகவே எடையை உத்தேசமாகச் சொல்லாமல், வள்ளம் கட்டிக்கொடுத்தவரிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அளவுகள் வரும்வரை மரக்கோலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் அணியத்தில் இருங்கள், அப்பா. அம்மாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்,
மூத்தவன்