சைகோனில் இறங்கிய மகளுக்கு

கண்ணு,

இதை ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு படி. தெருவோரம் நின்றுகொண்டு படிக்காதே. அந்த ஊரில் பைக்கில் வருகிறவர்கள் கையில் இருக்கும் போனைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று போய்வந்தவர்கள் பலரும் சொல்கிறார்கள். வழி பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கடைக்குள் ஏறி நின்று பார்.

நீ தனியாகப் போவதைப் பற்றி இங்கே ஆளாளுக்குப் பேசினார்கள், உனக்கே தெரியும். நான் அரைமனதாகச் சம்மதிக்கவில்லை. உன் சம்பளத்தில் சேர்த்து வைத்து, விசாவுக்கு நீயே விண்ணப்பித்து, டிக்கெட் எடுத்து, கோலாலம்பூரில் விமானம் மாறுவது வரைக்கும் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாயே, அதைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. பயமும் இருந்தது. இதை எழுதும்போதும் இரண்டும் இருக்கிறது.

நீ வேறு எந்த ஊருக்குப் போயிருந்தாலும் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வியட்நாமில் இருக்கும் அந்த ஊருக்கு இப்போது ஹோ சி மின் நகரம் என்று பெயர், ஆனால் சைகோன் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு அது வேறு. இங்கேயும் அங்கேயும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் போலீஸ் வேலைக்கும் கஸ்டம்ஸுக்கும் வரி வசூலுக்கும் இங்கிருந்து கப்பல் ஏறிப் போனவர்கள் நிறையப் பேர். நான் வளர்ந்த முத்தியால்பேட்டைத் தெருவில் வீட்டுக்கு வழி கேட்டால் சொல்தா வீட்டுக்கு எதிரே, சைகோன்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்வார்கள், சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1954-ல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் பல குடும்பங்கள் அங்கேயே இருந்தன, 1975-ல் போரில் சைகோன் வடக்கு வியட்நாம் கையில் விழுந்த பிறகு நிறையப் பேர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள்.

என் தாத்தாவின் அண்ணன் அங்கே கஸ்டம்ஸில் இருந்தார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. அவர் அனுப்பிய கடிதம் எல்லாம் 'இவ்விடம் க்ஷேமம்' என்றுதான் தொடங்குமாம், பணம் அனுப்பியிருக்கிறேன் என்று நடுவில் ஒரு வரி, பெரியவர்களுக்கு நமஸ்காரம் என்று முடிவு. ஒரு தடவை அப்படித்தான் க்ஷேமம் என்று எழுதியிருந்தார், ஆனால் அப்போது மலேரியாவில் விழுந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார், அங்கிருந்து லீவில் வந்த ஒருவர் சொல்லித்தான் வீட்டுக்கே தெரிந்தது. பயப்படுவார்கள் என்று மறைத்திருக்கிறார். அதற்கப்புறம் அவருடைய அம்மா எந்தக் கடிதத்தையும் நம்பவில்லையாம். யாராவது சைகோனிலிருந்து வந்து இறங்கினார்கள் என்று தெரிந்தால் அவர்கள் வீடு தேடிப்போய், என் பிள்ளை முகம் எப்படி இருந்தது, உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு வருவாராம்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை நிம்மதியாக வைப்பதற்காக 'சூப்பரா இருக்கேன்மா' என்று அனுப்பாதே. சூப்பராக இருந்தால் அனுப்பு, நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் முதல் நாள் அப்படி இருக்காமல் போகலாம். பகலில் ஒன்றும் தெரியாது, இமிக்ரேஷன் வரிசை, சிம், ரூம் சாவி என்று ஓடிவிடும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருட்டும்போது, கூப்பிட்டுப் பேச ஒரு முகமும் இல்லாத இடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எதற்கு வந்தோம் என்று தோன்றும். தோன்றினால் அதை அப்படியே எழுது. அழுதால் அழுதேன் என்று எழுது. நான் உடனே திரும்பி வா என்று சொல்லப் போவதில்லை, உறவுக்காரர்களிடமும் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரிந்தால் போதும்.

அப்புறம் மற்றவை. நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் வரும், அதனால் நோட்டில் இருக்கும் சைபரைப் பார்த்து மிரளாதே, அதே சமயம் அவசரத்தில் எண்ணியும் கொடுக்காதே. 20,000 டாங் நோட்டும் 5 லட்சம் டாங் நோட்டும் இரண்டுமே நீலம், ராத்திரி வெளிச்சத்தில் மாறிப்போகும். பெரிய நோட்டைத் தனியாக வை. அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும், சாலையில் இறங்கும்போது முதலில் இடது பக்கம் பார். பைக் கூட்டம் நிற்காது, மெதுவாக ஒரே சீராக நடந்தால் அவர்களே விலகிப் போவார்கள், பாதியில் நிற்பதும் பின்வாங்குவதும்தான் ஆபத்து. பஸ்ஸும் காரும் வந்தால் மட்டும் நின்று விடு.

சாப்பாட்டில் உனக்குக் கஷ்டம் இருக்காது. மீன் சாஸ் நெத்திலியும் உப்பும் போட்டுப் புளிக்க வைப்பது, மீன் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அது பழகிவிடும். ரொட்டியும் நம் ஊர் மாதிரிதான், பிரெஞ்சுக்காரன் அங்கேயும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான், உள்ளே பெரும்பாலும் பன்றிக்கறி வைப்பார்கள், வேண்டாமென்றால் முன்னாலேயே சொல்லு. சைவம் வேண்டுமென்று தோன்றினால் 'சாய்' (chay) என்று எழுதிய கடையைத் தேடு. குழாய்த் தண்ணீர் குடிக்காதே. அந்த ஊர்க் காப்பி ரொம்ப ஸ்ட்ராங், இன்றைக்குச் சாயங்காலம் வேண்டாம், புது இடம், ஏற்கனவே தூக்கம் வராது.

இன்றைக்கு ஊர் சுற்றிப் பார்க்கவும் வேண்டாம் என்பேன். கால் கேட்காது என்று தோன்றினால் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, தமிழர்கள் வியாபாரத்துக்கும் வேலைக்கும் அங்கே போன காலத்தில் கட்டியது, இப்போது அந்த ஊர்க்காரர்களே வந்து கும்பிடுகிறார்கள். அந்தத் தாத்தாவும் போயிருப்பார் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். எனக்காக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா.

போலீசுக்கு 113, ஆம்புலன்சுக்கு 115. நம் நாட்டுத் துணைத் தூதரகம் அந்த ஊரிலேயே இருக்கிறது, அதன் முகவரியைப் பாஸ்போர்ட் நகலோடு ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வை, போன் இல்லாவிட்டாலும் கையில் இருக்கும். உனக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே பத்தரை ஆகும்போது எங்களுக்கு ஒன்பதுதான், நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன், யோசிக்காமல் கூப்பிடு.

புது சிம் நம்பரை முதலில் அனுப்பு. அப்பா டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று தடவை கேட்டுவிட்டார்.

அம்மா